அரை-டன் பிக்கப்புக்கு எந்த லோடு ரேஞ்ச் டயர், எந்த ஷாக் அப்சார்பர்?

கேள்வி இதுதான். டெக்சாஸில் டல்லாஸுக்கு அருகே வசிக்கும் ஒருவர் 78,000 மைல் ஓடிய அரை-டன் பிக்கப் (முழு அளவு பிக்கப்புகளில் இலகுவான வகை) ஒன்றை வைத்திருக்கிறார். வண்டியில் இருப்பவை 275/65ஆர்18 அளவில், 116டி என்று குறியிட்ட சாதாரண டயர்கள். வார நாட்களில் அலுவலகத்துக்குக் காலியாகப் போய்வரும் அந்த வண்டியில், மாதம் ஓரிரு முறை குடும்பத்தினர் நால்வரையும் ஏற்றிக்கொண்டு, நிறைந்த நிலையில் 6,000 பவுண்டு எடையுள்ள ட்ரெய்லரை இழுத்துச் செல்கிறார். ட்ரெய்லரை மாட்டியதும் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது. பாலத்து இணைப்புகளைக் கடக்கும்போது வண்டி இரண்டு மூன்று முறை ஆடி அடங்குகிறது. டயர் கடையில் லோடு ரேஞ்ச் ‘இ’ என்ற, கூடுதல் சுமைக்கான டயர் போடச் சொல்கிறார்கள். அது தேவையா, கனமான ஷாக் அப்சார்பர் போட்டால் பின்பக்கம் நிமிருமா என்று கேட்கிறார். ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் மொத்த எடை வரம்பு 7,000 பவுண்டு, பின் அச்சு வரம்பு 4,050, பேலோடு (வண்டி சுமக்கக்கூடிய எடை) 1,650, காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு) என்று இருப்பதையும் குறிப்பிட்டிருக்கிறார்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் எடைக் கணக்குக்கு ‘இ’ டயர் கட்டாயமில்லை. எந்தச் சாதாரண ஷாக் அப்சார்பரும் அமுங்கிய பின்பக்கத்தை நிமிர்த்தாது, ஏனென்றால் எடையைத் தாங்குவது அதன் வேலையே அல்ல. அமுங்குவதற்கு மருந்து ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச்சிலும் சாமான்களை அடுக்கும் விதத்திலும் இருக்கிறது. ஆடுவதற்கு மருந்து ஷாக்கில் இருக்கிறது. இவற்றில் எதற்கும் பணம் செலவிடுவதற்கு முன் வண்டியை எடை போட்டாக வேண்டும்.

ஸ்டிக்கரில் உள்ள 1,650 பவுண்டு பேலோடு பார்ப்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றும். அது எவ்வளவு விரைவில் தீர்ந்துபோகிறது என்று பாருங்கள். ட்ரெய்லரின் முன்முனை ஹிட்ச் பந்தின்மேல் அழுத்தும் எடையை டங் வெயிட் என்கிறோம். ட்ரெய்லர் சாலையில் வாலாட்டாமல் ஓட வேண்டுமென்றால் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அங்கே அழுத்த வேண்டும். 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் ட்ரெய்லர் 780 பவுண்டு அழுத்துகிறது. நால்வரின் எடை 550, ஹிட்ச்சின் எடை 70, பின்தொட்டியில் ஏற்றும் ஜெனரேட்டர், குளிர்பெட்டி, கருவிப்பெட்டி முதலியவை 300 என்றால் கூட்டுத்தொகை 1,700. அதாவது வரம்பை 50 பவுண்டு ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். விளம்பரத்தில் 9,000, 10,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருந்தாலும், அரை-டன் வண்டிகளில் பெரும்பாலும் முதலில் தீர்வது இந்தப் பேலோடுதான்.

பின் அச்சின் கணக்கு இன்னும் கடுமையானது. ஹிட்ச் பந்து பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை. அதற்கும் பின்னால் ஏறத்தாழ ஐந்தரை அடி தள்ளி இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 12 அடி. ஆகவே பந்தின்மேல் 780 பவுண்டு அழுத்தும்போது நெம்புகோல் விதிப்படி பின் அச்சில் ஏறத்தாழ 1,130 பவுண்டு ஏறுகிறது, முன் அச்சிலிருந்து 350 பவுண்டு குறைகிறது. முன்பக்கம் தூக்கிக்கொள்வதற்கும், ஸ்டியரிங் லேசாகிவிட்டதுபோல் கைக்குத் தெரிவதற்கும் இதுவே காரணம். காலி வண்டியில் பின் அச்சு எடை 2,300 என்று கொண்டு, மேற்சொன்ன 1,130, தொட்டியில் உள்ள 300, ஹிட்ச்சின் பங்கு 100, பயணிகளின் பங்கு 275 எல்லாவற்றையும் கூட்டினால் 4,105 வருகிறது. வரம்பு 4,050.

இவை என் மதிப்பீடுகள். உண்மையான எண்கள் நெடுஞ்சாலை ட்ரக் நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடையில் கிடைக்கும். அங்கே ஸ்டியர் அச்சு, டிரைவ் அச்சு, ட்ரெய்லர் அச்சு என்று மூன்று எடைகளும் தனித்தனி வரிகளாக ஒரே சீட்டில் அச்சாகி வரும். முன் சக்கரம் முதல் தட்டிலும், பின் சக்கரம் இரண்டாவதிலும், ட்ரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதிலும் நிற்கும்படி நிறுத்துங்கள். பயணத்துக்குக் கிளம்பும் நிலையில், ஆட்கள், சாமான்கள், நிறைந்த எரிபொருள் டாங்க் எல்லாவற்றோடும் ஒருமுறை எடை போடுங்கள். பிறகு ட்ரெய்லரை அவிழ்த்து வைத்துவிட்டு, அதே ஆட்களோடும் சாமான்களோடும் பிக்கப்பை மட்டும் இன்னொருமுறை எடை போடுங்கள். 24 மணி நேரத்துக்குள் அதே மேடையில் போடும் மறு எடைக்குக் கட்டணம் குறைவு. இரண்டு சீட்டுகளிலும் உள்ள பிக்கப் எடைகளின் வித்தியாசமே பிக்கப்பின்மேல் விழும் டங் வெயிட். இந்த இரண்டு சீட்டுகள் கையில் இருந்தால் டயர் கடையில் யார் என்ன சொன்னாலும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி டயர். 116டி என்பதில் 116 என்பது சுமைக் குறியீட்டெண். ஒரு டயர் 1,250 கிலோ, அதாவது 2,756 பவுண்டு வரை தாங்கும் என்று அதற்குப் பொருள். டி (T) என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வரையான வேகக் குறி. இதில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. உங்களுடையதைப் போன்ற கார் வகை டயரைப் பிக்கப்பில் பூட்டும்போது அதன் தாங்குதிறனை 1.10 ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி கூறுகிறது. பிக்கப்பில் சுமை ஏறுவதும் இறங்குவதும் காரைவிடக் கடுமையாக இருக்கும் என்பதால் வைத்த தள்ளுபடி இது. ஆகவே உங்கள் வண்டியில் அந்த டயரின் தகுதி 2,505 பவுண்டுதான். இரண்டு டயருக்கு 5,010. பின் அச்சு வரம்பே 4,050 என்பதால், டயருக்கு முன்பே அச்சு தன் வரம்பைத் தொட்டுவிடுகிறது. உங்கள் வண்டியில் பலவீனமான கண்ணி டயர் அல்ல.

எல்டி என்று தொடங்கும் லைட் ட்ரக் டயர்களுக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. அவற்றுக்கு சி (C), டி (D), இ (E) என்று லோடு ரேஞ்ச் எழுத்துகள் உண்டு. பருத்தி நூல் அடுக்குகளால் டயர் செய்த காலத்தில் அந்த எழுத்துகள் முறையே 6, 8, 10 அடுக்குகளைக் குறித்தன. இன்றைய ரேடியல் டயரில் அத்தனை அடுக்குகள் உள்ளே இல்லை. அந்த வலுவுக்கு இணையானது என்று மட்டுமே பொருள். இந்த அளவு டயர்களில் எழுத்து உண்மையில் சொல்வது, டயர் எவ்வளவு காற்றழுத்தம் வரை தாங்கும் என்பதை: சி-க்கு 50 பிஎஸ்ஐ, டி-க்கு 65, இ-க்கு 80. எல்டி275/65ஆர்18 சி டயரின் குறியீடு 113/110. 50 பிஎஸ்ஐயில் அது 2,535 பவுண்டு தாங்கும். இ டயரின் குறியீடு 123/120. 80 பிஎஸ்ஐயில் 3,415 பவுண்டு. சாய்கோட்டுக்கு முன்னுள்ள எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, பின்னுள்ளது இரட்டைச் சக்கரத்துக்கு.

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. ஒரே அளவுள்ள எல்டி டயர்களில், ஒரே காற்றழுத்தத்தில், சி-யும் இ-யும் ஒரே எடையைத்தான் தாங்குகின்றன. 50 பிஎஸ்ஐ அடைத்த இ டயரின் தகுதியும் 2,535 பவுண்டுதான். சுமையைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்று. கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் உறுதியைத்தான் இ என்ற எழுத்து தருகிறது, அந்த அழுத்தத்தை அடைக்காவிட்டால் கூடுதல் சுமைத் தகுதி இல்லை. இதைவிட முக்கியமானது, 35 பிஎஸ்ஐயில் எல்டி டயரின் தகுதி, அதே 35 பிஎஸ்ஐயில் நீங்கள் இப்போது வைத்திருக்கும் சாதாரண டயரின் தகுதியைவிடக் குறைவு. இப்போதைய டயரின் 2,505 பவுண்டுக்கு ஈடுகட்ட எல்டி டயரில் 50 பிஎஸ்ஐ வைத்தாக வேண்டும். வலுவான டயர் வாங்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில், கதவோரத்து ஸ்டிக்கரைப் பார்த்து 35 அடைத்துக்கொண்டு சுமையோடு போகிறவர், பழைய டயரில் இருந்ததைவிட ஆபத்தான நிலையில் போகிறார். இப்படிப் போகிறவர்கள் மிகப் பலர் என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

வண்டியில் உள்ள காற்றழுத்த எச்சரிக்கை விளக்கை இந்த விஷயத்தில் நம்ப முடியாது. ஸ்டிக்கரில் சொன்ன அழுத்தத்திலிருந்து 25 சதவீதம் குறைந்தால் அது எரிய வேண்டும் என்பது விதி. 35-இல் 25 சதவீதம் குறைந்தால் சுமார் 26. உங்கள் எல்டி டயருக்குத் தேவை 50 ஆக இருக்கும்போது, அது 30-க்கு இறங்கினாலும் விளக்கு வாய் திறக்காது. சில வண்டிகளில் இந்த எல்லையை விற்பனை நிலையத்தில் மாற்றித் தருவார்கள். கேட்டுப் பாருங்கள், முடியாதென்றால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது கையால் அளவெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருப்பது இயல்பே. அதைப் பார்த்துவிட்டுக் காற்றை இறக்கக் கூடாது.

குறைந்த காற்று, கூடிய சுமை, கோடை வெப்பம், தொடர்ந்த வேகம் ஆகிய நான்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா 2000ஆம் ஆண்டு பார்த்தது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை கழன்று வண்டிகள் உருண்டன. அந்த ஆகஸ்ட் மாதம் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. டயரில் இருந்த குறையா, ஃபோர்டு பரிந்துரைத்த 26 பிஎஸ்ஐ என்ற தாழ்ந்த அழுத்தமா என்று இரு நிறுவனங்களும் நெடுநாள் வாதாடின. டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா போன்ற வெப்ப மாநிலங்களில் அந்த விபத்துகள் மிகுந்திருந்தன. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதலாக மடிந்து நிமிர்கிறது. அந்த மடிப்பு வெப்பமாகிறது. வெப்பம் உள்ளே இருக்கும் எஃகுப் பட்டைகளுக்கும் ரப்பருக்கும் இடையே உள்ள பிணைப்பை அரிக்கிறது. இன்று வண்டிகளில் உள்ள எச்சரிக்கை விளக்கே அந்த ஆண்டு இயற்றிய சட்டத்தின் விளைவு.

இ டயரால் உங்களுக்கு நன்மையே இல்லையா என்றால், உண்டு. பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் ட்ரெய்லர் பக்கவாட்டில் தள்ளும்போது வண்டியின் பின்பக்கம் நெளிவது குறையும். கூரான சரளைக்கல் பாதைகளில் பக்கச்சுவர் கிழியும் வாய்ப்பும் குறைவு. ஆனால் ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ 10 முதல் 15 பவுண்டு வரை கூடுதல் கனம். அந்தக் கனம் முழுவதும் ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது. எரிபொருள் கூடுதலாகும்; வாரத்தில் ஐந்து நாள் காலியாக ஓடும் வண்டியின் பின் அச்சு சிறு மேடுபள்ளங்களிலும் தத்தும். முக்கால்-டன், ஒரு-டன் பிக்கப்புகளின் நிலை வேறு. அவற்றின் பின் அச்சு வரம்பு 6,000 பவுண்டும் அதற்கு மேலும் இருப்பதால் இ டயர் அவற்றுக்குக் கட்டாயம். அவற்றில் மென்மையான ஓட்டத்துக்கு ஆசைப்பட்டு சி டயரோ கார் டயரோ போடுவது கூடவே கூடாது.

எப்படியும் இ டயர்தான் என்று முடிவு செய்தால், கடைக்காரரிடம் இரண்டு சின்ன விஷயங்களை விடாமல் கேளுங்கள். ஒன்று வால்வு. ரிம்மின் துளையில் அழுத்திச் செருகும் சாதாரண ரப்பர் வால்வு, டிஆர்413 என்ற வகை, 65 பிஎஸ்ஐக்கு மேல் பயன்படுத்துவதற்கானதல்ல. 80 பிஎஸ்ஐ அடைக்க வேண்டுமென்றால் டிஆர்600ஹெச்பி போன்ற உயர் அழுத்த வால்வோ, திருகிப் பூட்டும் உலோக வால்வோ வேண்டும். சில டாலர் விலையுள்ள இந்த உறுப்பு அடியில் விரிந்து காற்றை விட்டுவிட்டால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய டயரும் பயனில்லை. இரண்டாவது ரிம். அதன் உட்புறத்தில் அது தாங்கும் எடை வார்க்கப்பட்டிருக்கும். அதன் தகுதி டயரின் தகுதியைவிடக் குறைவென்றால் குறைந்த எண்தான் உங்கள் எல்லை. தொட்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியை மறக்க வேண்டாம். நான்கு டயர்களையும் எல்டி-க்கு மாற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய வகையிலேயே விட்டுவைத்தால், ட்ரெய்லரோடு வழியில் நிற்கும் நாளில் பின் அச்சின் இருபுறமும் இருவேறு விறைப்புள்ள டயர்களோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

உங்கள் பயன்பாட்டுக்கு என் தேர்வு இதுதான். பெரும்பாலும் தார்ச்சாலைப் பயணம் என்றால், நல்ல தரமான 116 குறியீட்டுச் சாதாரண டயரே போதும். ஸ்டிக்கர் சொல்லும் அழுத்தத்தை ஒருபோதும் குறையவிடாதீர்கள். மேற்கு டெக்சாஸின் சரளைப் பாதைகளுக்குள் அடிக்கடி போவீர்கள் என்றால் எல்டி சி டயர் வாங்கி முன்னும் பின்னும் 50 பிஎஸ்ஐ வையுங்கள். எதை வாங்கினாலும் பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கிடங்கில் இரண்டு மூன்று ஆண்டு கிடந்த டயரைப் புதிது என்ற விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

அடுத்து, அமுங்கும் பின்பக்கம். இதற்குச் சரியான கருவி வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச். அதிலுள்ள இரண்டு விறைப்பான கம்பிகள் ட்ரெய்லர் சட்டத்துக்கும் ஹிட்ச் தலைக்கும் இடையே முறுக்கம் கொடுத்து, பின் அச்சில் குவிந்த எடையில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும், இன்னொரு பகுதியை ட்ரெய்லர் அச்சுகளுக்கும் தள்ளுகின்றன. முன் அச்சு இழந்த 350 பவுண்டில் கணிசமான பகுதி திரும்பி வந்தால் ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் தம் பிடிப்பைத் திரும்பப் பெறும். எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். ட்ரெய்லர் மாட்டாதபோதும், மாட்டியபின் கம்பிகள் பூட்டிய நிலையிலும் முன் சக்கர வளைவின் உயரத்தை டேப் வைத்து அளந்து சரிசெய்யலாம்.

ஏர் லிஃப்ட் லோடுலிஃப்டர் போன்ற காற்றுப்பைகளையும், டிம்ப்ரன் போன்ற ரப்பர் முட்டுகளையும் பலர் பரிந்துரைப்பார்கள். அவை பின்பக்கத்தை உயர்த்திக் காட்டும் என்பது உண்மை. ஆனால் பின்பக்கத்தை உயர்த்துவதாலேயே முன் அச்சுக்கு எடை திரும்புவதில்லை. பார்வைக்கு வண்டி மட்டமாக நிற்கும், ஸ்டியரிங் லேசாகவே இருக்கும். அந்தப் பைகள் 5,000 பவுண்டு தூக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் உங்கள் பேலோடு 1,650-க்கு மேல் ஒரு பவுண்டும் கூடாது. ஹிட்ச்சைச் சரியாக அமைத்தபின்னும் சற்று அமுக்கம் மிஞ்சினால் அதற்கு மட்டும் துணையாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் செலவில்லாத வழி ஒன்றைப் பாருங்கள்: ட்ரெய்லரின் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது? ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 காலன் என்றால் 330 பவுண்டுக்கு மேல். தொட்டி ட்ரெய்லர் அச்சுக்கு முன்னால் இருந்தால் அந்த எடையில் ஒரு பங்கு நேராக உங்கள் பந்தின்மேல் வருகிறது. முகாமிடும் இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால் காலித் தொட்டியோடு போகலாம். மாறாக, தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால், அதை நிரப்பும்போது டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே போய் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது ஷாக் அப்சார்பர். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப உதைப்பதைக் கட்டுப்படுத்துவது ஷாக். உள்ளே எண்ணெய் நுண்துளைகள் வழியாகப் பிதுங்கிச் செல்லும்போது ஏற்படும் தடையே அதன் வேலை. அசையாமல் நிற்கும் வண்டியில் அது தரும் ஆதரவு, உள்ளிருக்கும் வாயு அழுத்தத்தின் சிறு உந்தலைத் தவிர, ஏதுமில்லை. பின்பக்கம் அமுங்குவதற்கென்று விற்கும் காற்று ஷாக்குகளும், வெளியே சுருள் ஸ்பிரிங் சுற்றிய ஷாக்குகளும் உண்டு. அவை எடையை ஷாக்கின் மேல், கீழ்ப் பிடிமானங்கள் வழியாகச் சட்டத்துக்குக் கடத்துகின்றன. அந்தப் பிடிமானங்கள் அத்தகைய நிலையான சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதால் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

பாலத்து இணைப்பில் இரண்டு மூன்று முறை ஆடி அடங்குகிறது என்று சொன்னீர்கள். 78,000 மைல் ஓடிய தொழிற்சாலை ஷாக்குகளிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பம்பரை அழுத்திப் பார்க்கும் பழைய சோதனையை நம்ப வேண்டாம். முற்றிலும் செத்த ஷாக்கைத்தான் அது காட்டும். அதைவிட நல்ல சாட்சி டயரிடம் இருக்கிறது. உள்ளங்கையை டயரின் மேல்பரப்பில் வைத்துச் சுற்றுவாட்டில் தடவிப் பாருங்கள். ஓரத்தில் வரிசையாகக் குழிவும் மேடும் மாறிமாறித் தட்டுப்பட்டால் சக்கரம் சாலையில் தொடர்ந்து படியாமல் குதித்து ஓடியிருக்கிறது. சக்கரச் சமநிலை (வீல் பேலன்சிங்) தவறினாலும் இப்படி ஆகலாம் என்பதால் அதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஷாக்கின் உடலில் புழுதி ஒட்டும் அளவுக்கு மெல்லிய ஈரம் இருப்பது பெரிய குறையல்ல. கீழ்வரை எண்ணெய் வழிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

கடையில் இரண்டு வகைகளைக் காண்பீர்கள். இரட்டைக் குழாய் ஷாக்கில் உட்குழாயில் பிஸ்டன் இயங்க, வெளிக்குழாயில் மிச்ச எண்ணெயும் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனும் இருக்கும். ஓட்டம் மென்மை, விலை குறைவு. ஆனால் சுமையோடு நெடுந்தூரம் ஓடும்போது எண்ணெயும் வாயுவும் கலந்து நுரைத்து, தடை தளர்ந்துவிடக்கூடும். ஒற்றைக் குழாய் ஷாக்கில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று உயர் அழுத்த நைட்ரஜனை எண்ணெயிலிருந்து முழுவதும் பிரித்துவைக்கிறது. குழாயின் சுவர் நேராகக் காற்றில் படுவதால் வெப்பமும் விரைவில் வெளியேறும். 1950களில் ஜெர்மனியின் பில்ஸ்டீன் நிறுவனம் இதை மெர்சிடஸ் கார்களுக்குச் செய்து கொடுத்துப் பரவலாக்கியது. குழாயில் கல் அடித்துப் பள்ளம் விழுந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும் என்பதும், காலி வண்டியில் சற்று விறைப்பாகத் தெரியும் என்பதும் இதன் குறைகள். ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு ஒற்றைக் குழாயே ஏற்றது என்பது என் திடமான கருத்து.

உயரம் மாற்றாத வண்டிக்கு பில்ஸ்டீன் 4600, கேஒய்பி கேஸ்-அ-ஜஸ்ட் இரண்டுமே பொருத்தமானவை. பில்ஸ்டீன் 5100 வகையில் முன்பக்க உயரத்தைக் கூட்டும் வசதி இருப்பதால் பலர் அதை விரும்புவார்கள். ட்ரெய்லர் மாட்டியதும் ஏற்கெனவே மூக்கைத் தூக்கும் வண்டிக்கு முன்பக்கத்தை மேலும் உயர்த்துவது எதற்கு? ராஞ்சோ ஆர்எஸ்9000எக்ஸ்எல் வகையில் விறைப்பை ஒன்பது நிலைகளில் கையால் திருகி மாற்றலாம். ஒற்றைக் குழாய் வகை அல்ல என்றாலும், வாரம் முழுதும் காலியாகவும் விடுமுறையில் சுமையோடும் ஓடும் வண்டியின் பின்பக்கத்துக்கு அந்த வசதி உண்மையிலேயே பயன்படும். ஒவ்வொரு முறையும் குனிந்து திருகுவேன் என்ற உறுதி இருந்தால் அதை வாங்குங்கள்.

டயரையும் ஷாக்கையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. டயரும் ஒரு ஸ்பிரிங்தான். ஆனால் அதற்குத் தன்னைத் தானே அடக்கும் திறன் மிகக் குறைவு. அழுத்தம் கூடக்கூட அது விறைக்கிறது. கனமான இ டயரில் 80 பிஎஸ்ஐ அடைத்துக் காலியாக ஓட்டினால், கூடிய கனத்தையும் கூடிய உதைப்பையும் அடக்கும் பொறுப்பு முழுவதும் ஷாக்கின்மேல் விழுகிறது. தேய்ந்த ஷாக் அதற்கு ஈடுகொடுக்காது. டயரை மட்டும் மாற்றிவிட்டு, வண்டி முன்பைவிட மோசமாகக் குதிக்கிறது என்று பலர் வந்து நிற்பது இதனால்தான். உங்களிடம் இப்போது இருக்கும் பணத்துக்கு ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், டயரில் டிரெட் மிச்சமிருக்கும் பட்சத்தில், நான்கு ஷாக்குகளையும் முதலில் மாற்றுங்கள்.

பின் ஷாக்குகளை வீட்டிலேயே மாற்றலாம். அச்சுக்கு ஸ்டாண்டு முட்டுக் கொடுத்து, போல்டுகளை லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தின்மேல் இறங்கியபின் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் புஷ்கள் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். முன்பக்கத்தை நீங்களாகத் தொட வேண்டாம். அங்கே ஷாக்கைச் சுற்றி அழுத்திப் பூட்டிய சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. அது நழுவினால் கையையோ முகத்தையோ சிதைத்துவிடும். தகுந்த கருவி உள்ள பட்டறையில் கொடுத்து, முடிந்ததும் வீல் அலைன்மென்டும் பார்த்துவிடுங்கள்.

ட்ரெய்லரின் டயர்களையும் ஒருமுறை பாருங்கள். எஸ்டி என்று தொடங்கும் அவற்றில் வேகக் குறி இல்லையென்றால் மணிக்கு 65 மைல்தான் எல்லை. எல் என்றால் 75, எம் என்றால் 81. மேற்கு டெக்சாஸில் ஐ-10, ஐ-20 சாலைகளின் சில பகுதிகளில் 80 மைல் பலகை இருப்பது உங்கள் ட்ரெய்லருக்கான அனுமதி அல்ல.

ஹிட்ச்சைச் சரியாக அமைத்து, சாமான்களை மாற்றி அடுக்கியபின் மீண்டும் எடைமேடைக்குப் போங்கள். பின் அச்சு 4,050-க்குள்ளும், முன், பின் இரண்டு அச்சுகளின் கூட்டுத்தொகை 7,000-க்குள்ளும் வந்துவிட்டால் மேலே சொன்ன டயரும் ஷாக்கும் உங்களுக்குப் போதும். கம்பிகள் பூட்டிய நிலையிலும், பிக்கப்பின் பின்தொட்டியில் தேவையற்றவற்றை இறக்கிய பிறகும் அந்த எண்கள் தாண்டியே நின்றால், எந்த எழுத்துள்ள டயரும் எந்த நிறுவனத்து ஷாக்கும் அதைச் சரிசெய்யாது. இலகுவான ட்ரெய்லரையோ முக்கால்-டன் வண்டியையோதான் பார்க்க வேண்டும்.